அத்தை ஏறினால் நிற்கும் கார்

இப்போது கார் கிளம்புவதெல்லாம் ஒரு செய்தியே இல்லை. என் மருமகன் ஒரு பொத்தானை அழுத்துகிறான், வண்டி சத்தம்கூடப் போடாமல் நகர்ந்துவிடுகிறது. ஒருவர் சாவியைத் திருப்பும்போது வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்ற காலம், அறுபதைத் தாண்டிய நம் ஆட்களுக்குத்தான் தெரியும். உங்கள் வீட்டில் கார் இல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் யாருடைய காரையாவது தள்ளியிருப்பீர்கள். தள்ளாத ஆளாக இருந்தால் இதை மேலே படிக்க வேண்டாம், உங்களுக்கு இதன் அருமை புரியாது.

எங்கள் வீடு தென்காசியில். அப்பா பட்டாளத்தில் இருந்ததால் அம்மாவும் நானும் பெரியப்பா வீட்டோடு இருந்தோம். எனக்குப் பத்து வயது இருக்கும். பெரியப்பாவுக்கு வயல், தோப்பு எல்லாம் உண்டு. ஆனால் அவர் உயிரை வைத்திருந்தது ஒரு சிவப்புக் காரில்தான். மலைமேல் எஸ்டேட்டில் இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் சீமைக்குத் திரும்பியபோது விற்றுவிட்டுப் போன வண்டி அது. தரையோடு தரையாகக் கிடக்கும். முன்னால் இரண்டே இருக்கை, பின்னால் ஒரு பலகை. அந்தப் பலகையில் நான் ஒருத்திதான் காலை மடக்கிக்கொண்டு உட்கார முடியும். ரேஸ் ஓட்டுவதற்கென்றே செய்த வண்டி என்று பெரியப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். விளக்குகள் இரண்டும் பிதுங்கிக்கொண்டு நின்றதால் ஊரில் அதற்குத் தவக்களை என்று பெயர். கான்வாஸ் கூரையை மூடினால் உள்ளே பெட்ரோலும் பழைய தோலும் ஈரச் சாக்கும் சேர்ந்த ஒரு வாசனை அடிக்கும். எனக்கு அந்த வாசனை பிடிக்கும். கார் கைமாறிப்போன பிறகும் அதன் உடைந்த பக்கக் கண்ணாடி ஒன்று எங்கள் பரணில் வெகுகாலம் கிடந்தது. வீட்டைப் பாகம் பிரித்தபோது அதுவும் எங்கேயோ போய்விட்டது.

அந்த வருஷம் ஆனி பிறந்ததுமே சாரல் பிடித்துக்கொண்டது. குற்றாலத்துச் சாரல் காற்றோடு கிளம்பி எங்கள் தெரு வரைக்கும் வந்துவிடும். கொடியில் போட்ட துணி காயாது. அப்பளம் நமுத்துப் போகும். தீப்பெட்டியை மடியிலே வைத்துக் காப்பாற்ற வேண்டும். அந்தச் சாரலில்தான் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தாள். அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே தங்கை. கல்யாணமாகி ஒரு வருஷம் முடிவதற்குள் மாமா மோட்டார் சைக்கிளில் போய் லாரியில் அடிபட்டு இறந்துவிட்டார். செங்கோட்டையில் மாமியார் வீட்டில் விசேஷ நாட்களில் அத்தை முகத்தில் விழிக்க மாட்டார்கள். மற்ற நாட்களில் வெந்நீர் வைப்பது முதல் மாட்டுக்குத் தவிடு கலக்குவது வரை அவள்தான். பெரியப்பா நேரே போய்த் தங்கையை அழைத்து வந்தார். அந்த மட்டுக்கும் அவர் நல்ல மனுஷர்தான். அத்தை பௌதிகம் படித்தவள், டீச்சர் டிரெயினிங்கும் முடித்தவள். வந்த வாரமே வேலைக்கு எழுதிப் போட ஆரம்பித்தாள்.

அத்தை காரில் ஏறுகிறாள் என்றால் பெரியம்மா வாசலுக்கும் பூஜை அறைக்குமாக அலைவாள். மாமா வண்டியில் போய்ச் செத்தவர். அவர் பெண்டாட்டி ஏறுகிற வண்டியைத் தன் புருஷன் ஓட்ட வேண்டியிருக்கிறதே என்று பயம். கெட்டவள் என்று நினைத்துவிடாதீர்கள், பயந்தவள், அவ்வளவுதான். மற்ற நாட்களில் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைப்பதோடு சரி. அத்தை ஏறும் நாட்களில் அது போதாது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. பெரியப்பா ஒருநாள் விருந்தாளி ஒருவருக்கு பானெட்டைத் திறந்து பெருமை காட்டிக்கொண்டிருந்தார். கிண்ணத்தைக் கவிழ்த்தது போலக் கறுப்பாக ஒரு மூடி, அதன் தலையில் ஐந்து வயர். "டிஸ்ட்ரிபியூட்டர்னு பேரு. இதுதான் வண்டிக்கு மூளை பாத்துக்கிடுங்க. இங்கன இருந்துதான் நாலு பிளக்குக்கும் கரண்ட் பிரிஞ்சு போவுது" என்றார். காப்பி கொண்டுவந்த பெரியம்மா காதில் இது விழுந்தது. அன்றிலிருந்து அத்தை ஏறும் நாட்களில் திருநீற்றைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, அந்த மூடியில் வயர்களுக்கு நடுவே மூன்று விரலால் பட்டையாகப் பூசிக் கும்பிடுவாள். பெரியப்பாவும் பக்கத்தில் நின்று கும்பிடுவார்.

முதலில் குற்றாலத்துக்குப் போனோம். மனசு ஆறட்டும் என்று பெரியப்பாதான் அத்தையை அருவிக்குக் கூட்டிப்போனார். நான் பின்பலகையில் எண்ணெய்ச் செம்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கிளம்பும்போது வெயில் அடித்தது, பாதி வழியில் சாரல் பிடித்ததும் வண்டி இரண்டு தரம் இருமியது, குலுங்கியது, நின்றுவிட்டது. சாரல் கூரையின் தையல் வழியே எங்கள் தலையில் சொட்டியது. செல்ஃப் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை. தலையில் எண்ணெய் வடிய அருவிக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் எல்லாம் நின்று தவக்களையை வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் ஒரு மாட்டு வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு திரும்பினோம். மெக்கானிக் அண்ணாச்சி வந்து பிளக்குகளை மாற்றினார், வண்டி ஓடியது. அதை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டாவது தரம் இலத்தூரில், ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது. போகும்போது நல்ல வெயில், வண்டி ஒழுங்காக ஓடியது. சாப்பிட்டுவிட்டுச் சாரலில் வந்து ஏறினோம், சாவியைத் திருப்பினால் அதே கதை. சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. தூரத்து உறவில் ஒரு பெரியவர் தாம்பூலத்தைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சொன்னார்.

"அந்தப் பிள்ளைய எறக்கி விட்டுட்டுத் தள்ளிப் பாருமய்யா. வேற ஒண்ணும் இல்ல."

எல்லோரும் அத்தையைப் பார்த்தார்கள். அத்தை யாரும் இரண்டாம் தரம் சொல்வதற்கு முன்பே இறங்கினாள், நானும் கூடவே குதித்தேன். ஆட்கள் கொஞ்ச தூரம் தள்ளினார்கள், நின்றார்கள், பேசினார்கள், மறுபடி தள்ளினார்கள். சாரல் விட்டு ஒரு வெயில் அடித்தது. வண்டி சட்டென்று உறுமிக்கொண்டு பிடித்துவிட்டது. கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. அந்த முனகலை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

பெரியப்பா வண்டியை நிறுத்தவில்லை. "நின்னா மறுபடி அணைஞ்சு போயிரும் தாயி. நீங்க ரெண்டு பேரும் பஸ்ஸில வந்துருங்க" என்று கத்திக்கொண்டே போய்விட்டார். நாங்கள் பஸ்ஸுக்கு நின்றோம். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு என் காதோரம் மெதுவாகக் கேட்டாள்.

"ஏட்டி, நான் ஏறுனாத்தான் நிக்குதோ?"

அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. படித்தவள், பௌதிகம் சொல்லிக்கொடுக்கக் கிளம்பியவள், பத்து வயதுப் பெண்ணிடம் நிஜமாகவே கேட்டாள். அந்தக் கேள்விதான் என்னை அதிகமாகப் பயமுறுத்தியது.

மூன்றாவது தரம் ஆலங்குளத்துக்கு. அங்கே ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து அறிவியல் டீச்சர் வேலைக்கு நேரில் வரச் சொல்லிக் கடிதம் வந்திருந்தது. அத்தை பஸ்ஸில் போகிறேன் என்றாள். "நம்ம வீட்டுப் பொண்ணு வேல தேடிப் போறதுக்கு பஸ்ஸுக்கு நின்னான்னா ஊரு என்ன பேசும்? நான் கொண்டு விடுதேன்" என்றார் பெரியப்பா. இலத்தூரில் நடுத்தெருவில் விட்டுவிட்டு வந்தபோது இந்த ஊர் எங்கே போயிருந்தது என்று கேட்கத்தான் எனக்கு ஆசை. கேட்டிருந்தால் முதுகில் விழுந்திருக்கும். அன்று வண்டி வாசலை விட்டே நகரவில்லை. பேட்டரி தீரும் வரை சாவியைத் திருப்பினார். ஆலங்குளம் பஸ்ஸும் போய்விட்டது, நேரமும் போய்விட்டது. மெக்கானிக் அண்ணாச்சி சாயங்காலம் வேறு பேட்டரி கொண்டுவந்து போட்டு, கண்டென்சர் மாற்றினார். உடனே ஸ்டார்ட் ஆனது. அத்தை அப்போது உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு வீட்டில் குரல்கள் தணிந்துவிட்டன. அத்தை வந்தால் பேச்சு நிற்கும். நல்ல காரியத்துக்குக் கிளம்புகிறவர்கள் அவள் பின்கட்டுக்குப் போகும்வரை செருப்பை மாட்டாமல் நின்றார்கள். என் அம்மாவும் நின்றாள். செங்கோட்டையிலிருந்து மாமியாருக்கு உடம்பு முடியவில்லை என்று மருமகளை அனுப்பச் சொல்லி ஆள் வந்துவிட்டுப் போனது. அந்தச் சமயத்தில்தான் பள்ளிக்கூடத்திலிருந்து இன்னொரு கடிதம் வந்தது. எடுத்த ஆள் வந்து சேரவில்லை, விருப்பமிருந்தால் வெள்ளிக்கிழமை வரலாம் என்று. பெரியப்பா அதை இரண்டு தரம் படித்துவிட்டுச் சொன்னார்.

"வெள்ளிக்கிழம வண்டிய எடுப்போம். கெளம்புச்சுன்னா போவோம். கெளம்பலைன்னா சாமிக்கே இஷ்டம் இல்லன்னு அர்த்தம். அதுக்குப் பொறவு வேல கீலன்னு பேசக்கூடாது. மாமியார் வீட்டுக்குப் போயிரணும். சரிதானா?"

அத்தை சரி என்றாள். வேறு என்ன சொல்ல முடியும் அவளால்? ஒரு மனுஷியின் மிச்ச வாழ்க்கையைக் கொண்டுபோய் ஒரு பழைய என்ஜினிடம் ஒப்படைத்துவிட்டு, பெரியப்பா நிம்மதியாக மோர்ச்சோறு சாப்பிட்டார்.

மறுநாள் அத்தை என்னையும் இழுத்துக்கொண்டு மெக்கானிக் அண்ணாச்சியின் ஷெட்டுக்குப் போனாள். குற்றாலம் ரோட்டில் தகரக் கொட்டகை. அவர் நல்ல வேலைக்காரர்தான், ஆனால் எதைச் சொன்னாலும் அடித்துச் சொல்லுவார். "பிளக்கு அவுட்டு, மாத்துனேன், ஓடுச்சு. இலத்தூர் போயிட்டு வந்த பொறவு பாயிண்ட் தேய்ஞ்சுது, மாத்துனேன், ஓடுச்சு. இப்பம் கண்டென்சர். இனி நிக்காதும்மா, எழுதியே தாரேன்" என்றார்.

"மூணும் தனித்தனியா, நான் ஏறுத அன்னைக்குப் பாத்தா கெட்டுப் போவும் அண்ணாச்சி?"

அண்ணாச்சி எங்கேயோ பார்த்தார். "அதெல்லாம் நான் சொல்லக்கூடாதும்மா."

அத்தையின் முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. "சரி. வண்டிகிட்ட வந்ததும் மொதல்ல என்ன செய்வீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

"என்ன செய்வேன், பானெட்டத் தொறப்பேன். மூடியில ஈரமும் அழுக்குமா அப்பிக் கெடக்கும். பெட்ரோல் துணியால தொடப்பேன். பொறவுதான் வேலையே ஆரம்பிக்கும்."

"எப்பமும் தொடப்பீங்களா?"

"இது என்னம்மா கேள்வி? மூஞ்சி கழுவாம எவனாச்சும் வேலைக்குப் போவானா?"

அத்தை திரும்பி நடந்தாள். நான் ஓடித்தான் அவளைப் பிடிக்க வேண்டியிருந்தது. வழியில் மங்குஸ்தான் கூடைக்காரி கூப்பிட்டதைக்கூட அவள் கவனிக்கவில்லை. "தொடச்சதாலதான் ஓடியிருக்கு, மாத்துனதால இல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே வந்தாள்.

அன்று மத்தியானம் பெரியப்பா வயலுக்குப் போயிருந்தார். பெரியம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். சாரல் விட்டுவிட்டுப் பெய்தது. அத்தை சாவியை எடுத்துக்கொண்டு கார் கொட்டகைக்கு வந்தாள். ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். சாமி கும்பிடுகிறாள் என்று நினைத்தேன், இல்லை, பயத்தை விழுங்கிக்கொண்டிருந்தாள். சாவியைத் திருப்பினாள். முதல் சுற்றிலேயே என்ஜின் பிடித்தது. அவள் உட்கார்ந்தே இருந்தாள், வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. அத்தை வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் கெக்கெக்கே என்று சிரித்தேன். எனக்கு ஏன் சிரிப்பு வந்தது என்று இன்றுவரை தெரியாது.

பிறகு வண்டியை அணைத்துவிட்டு, பூஜை அறையிலிருந்து திருநீற்றை எடுத்து வந்து தண்ணீர் விட்டுக் குழைத்தாள். பெரியம்மா பூசுவது போலவே, அதே இடத்தில், அதே மாதிரி பட்டை போட்டாள். "இப்பம் நீ போயித் திருப்பு. கியர்ல கை வச்சிராத" என்றாள். நான் திருப்பினேன். செல்ஃப் சுற்றியது, வண்டி இருமியது, அவ்வளவுதான். குற்றாலம் ரோட்டில் கேட்ட அதே இருமல்.

அத்தை உள்ளே போய் ஜமுக்காளத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். முந்தானை ஃபேனில் சிக்கிவிடாமல் இடுப்பில் இறுக்கிச் செருகி, பானெட்டின்மேல் ஜமுக்காளத்தைப் போர்த்தி, தலையை உள்ளே விட்டாள். "திருப்பு" என்று உள்ளிருந்து குரல் வந்தது. திருப்பினேன். "எம்மா!" என்று கத்தினாள். அப்புறம் அவள் சாவியைத் திருப்ப, நான் தலையை விட்டுப் பார்த்தேன். பட்டப்பகலில் உள்ளே கும்மிருட்டு. அந்த இருட்டில் திருநீற்றுப் பட்டையின் ஈரத்தின்மேல் நீல நிறத்தில் பொறி சடசடவென்று ஊர்ந்துகொண்டிருந்தது, வயரிலிருந்து வயருக்கு, வயரிலிருந்து இரும்புக்கு.

"சாம்பல்ல காரம் இருக்குட்டி, உப்பு மாதிரி. தண்ணி சேந்தா கரண்ட் அது வழியா ஓடிரும். பிளக்குக்குப் போகவேண்டிய பொறி இங்கனயே வடிஞ்சு போவுது. வெயில்ல காஞ்சா ஒண்ணும் செய்யாது. சாரல்ல எங்க காயும்?"

அப்போது இலத்தூர் வெயில் எனக்கு ஞாபகம் வந்தது. சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் பின்னால் பெரியம்மா நின்றுகொண்டிருந்தாள். சத்தத்தில் எழுந்து வந்திருக்கிறாள். "கோட்டி பிடிச்சிருக்கா ஒங்களுக்கு? அவுக வண்டிய என்ன செய்தீக?"

"மதினி, இங்கன வாங்க. தலைய உள்ள விடுங்க."

"நான் எதுக்குடி..."

"ஒரே ஒரு தடவ மதினி. ஒங்க கால்ல வேணாலும் விழுதேன்."

இரண்டு பேர் தலையும் ஜமுக்காளத்துக்குள் போனது. வெளியே இரண்டு சேலைகள் மட்டும் தெரிந்தன. நான் சாவியைத் திருப்பினேன். அத்தை உள்ளேயே மூடியைத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி திருப்பச் சொன்னாள். என்ஜின் பிடித்து ஓடியது. அப்புறம் அணைத்தேன். ஜமுக்காளம் விலகவே இல்லை. உள்ளிருந்து பெரியம்மாவின் குரல் மட்டும் வந்தது.

"அப்பம் நாந்தானா? ஒன்ன நடுரோட்டுல நிப்பாட்டுனது நாந்தானாடி?"

வெளியே வந்தபோது இரண்டு பேர் முகமும் நனைந்திருந்தது. அத்தை பெரியம்மாவின் கன்னத்தில் ஒட்டியிருந்த கிரீஸைத் துடைத்துவிட்டாள். "அவுககிட்ட நானே சொல்லுதேன்" என்றாள் பெரியம்மா.

சொல்லவும் செய்தாள். பெரியப்பா சிரித்தார். "துண்ணூறு பட்டா வண்டி நிக்குமா? அப்பம் ஊருல ஒரு பஸ்ஸும் ஓடாது. கண்டென்சர்தான்னு அண்ணாச்சியே சொல்லுதான், இவளுக்கு என்ன தெரியும்?" என்றார். ஜமுக்காளத்துக்குள் தலையை விட அவருடைய மரியாதை இடம் கொடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் நல்ல சாரல். அத்தை வெள்ளைச் சேலை கட்டியிருந்தாள். பெரியப்பா பானெட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். பெரியம்மா குழைத்த திருநீற்றுத் தட்டோடு வந்தாள்.

"வையி. நேரமாவுது."

பெரியம்மா அசையவில்லை.

"ஏளா, வையிங்கேன். இன்னைக்குத்தான் முக்கியமா வைக்கணும்."

அவர் பேச்சை அதுவரைக்கும் ஒருநாளும் தட்டாதவள் பெரியம்மா. திரும்பி அத்தையிடம் வந்தாள். மூன்று விரலால் எடுத்து அத்தையின் நெற்றியில் நீளமாகப் பூசினாள். அத்தை எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு பெரியம்மா அவளைத் தொட்டுத் திருநீறு பூசி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "நல்லபடியாப் போயிட்டு வா. வண்டிக்கு வேண்டாம்" என்றாள். பெரியப்பா பானெட்டை ஓங்கி மூடினார்.

அவர் சாவியைத் திருப்பியபோது நான் பின்பலகையில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். அத்தை என் முழங்காலைப் பிடித்த பிடியில் அவள் நகம் பதிந்தது. வண்டி ஒரே சுற்றில் கிளம்பியது.

ஆலங்குளம் போய்ச் சேர்ந்தோம். சாரல் எல்லாம் பின்னாலேயே நின்றுவிட்டது, அங்கே சுள்ளென்று வெயில். அத்தை உள்ளே போனாள், வெகுநேரம் கழித்து வந்தாள், திங்கட்கிழமை சேரச் சொல்லிவிட்டார்கள் என்றாள். பெரியப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எனக்குக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். திரும்பி வரும் வழியெல்லாம் ஹாரனை அடித்துக்கொண்டே வந்தார். பாவூர்ச்சத்திரம் தாண்டியதும் சொன்னார்.

"பாத்தியா தாயி, வண்டி ஒரு இருமல் இருமலயே. ஒனக்குக் கெட்ட நேரம் போயிட்டு. ராசி திரும்பிட்டு. இனி ஒரு கொறையும் வராது."

மறுபடி சாரல் தொடங்கியிருந்தது.

"அண்ணே, வண்டி நின்னதுக்கு நான் காரணம் இல்லன்னு மூடியத் தொறந்து காட்டிட்டேன். நீங்க பாக்கலை, மதினி பாத்தாவ. அது போதும்" என்றாள். "அவுக செத்ததுக்கு நான் காரணம் இல்லன்னு எதைத் தொறந்துண்ணே காட்ட?"

பெரியப்பா ஹாரன் அடிப்பதை நிறுத்திவிட்டார். எனக்கு அவருடைய பிடரி மட்டும்தான் தெரிந்தது. தென்காசி வரைக்கும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை விடிந்ததும் கார் சத்தம் கேட்டு எழுந்து வாசலுக்கு ஓடினேன். பெரியப்பா கூரையை மூடி, இருக்கையில் உலர்ந்த துண்டு விரித்து, வண்டியைக் கிளப்பி வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தார். கறுப்பு மூடியைத் துடைத்த துணி அவர் கையில் இருந்தது. அத்தை குடையும் சாப்பாட்டுத் தூக்குமாக வெளியே வந்தாள். அவர் கதவைத் திறந்து பிடித்தார்.

"நான் பஸ்ஸில போய்க்கிடுதேன்ணே" என்றாள் அத்தை. கோபமே இல்லாமல்தான் சொன்னாள்.

அவள் குடையை விரித்துக்கொண்டு தெருமுனை திரும்பிப் போகும்வரை பெரியப்பா கதவைப் பிடித்தபடியே நின்றார். அதற்கப்புறமும் வெகுநேரம் வண்டியை அணைக்கவில்லை.